ஐந்தாவது கையெழுத்து

"இந்தக் கால் மட்டும் ஏன் அக்கா இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

பிசியோதெரபிஸ்ட் இரண்டு கணுக்கால்களையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தான். வலது கால் வெதுவெதுப்பாக இருந்தது. இடது கால் அப்போதுதான் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்தது போல இருந்தது.

கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அக்கா, சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"காத்து பட்டிருக்கும் தம்பி."

"ஒரு காலுக்கு மட்டுமா?"

ஜன்னலோரம் நின்ற உணவு ஆலோசகர் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஒரு தட்டு ஐஸ் கட்டியைக் காணோம்னு சமையல்காரர் காலையிலேருந்து தேடிக்கிட்டிருக்காரு. சும்மா சொல்லி வெச்சேன்."

விளையாட்டு விடுதியின் மருத்துவப் பிரிவு அது. மறுநாள் காலையில் தொடர் ஓட்டம்; கடைசிச் சுற்று அக்காவுடையது. நாற்பது நாளாக எல்லோருக்கும் முன்னால் எழுந்து மைதானத்தைச் சுற்றியவர், முந்தின நாள் வளைவில் திரும்பும்போது காலைச் சுளுக்கிக்கொண்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை. வீக்கத்தை ஐஸ் வைத்து அமுக்கிவிட்டு, சிரித்த முகமாகச் சோதனைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்.

அங்கே ஓடுகிறவர் யாராக இருந்தாலும் அவருக்கென்று ஒரு தாள் உண்டு. அதில் ஐந்து கட்டங்கள். பயிற்சியாளர், உணவு ஆலோசகர், மனநல ஆலோசகர், பிசியோ ஆகிய நால்வரும் கண்டதைக் கண்டபடி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்தாவது கட்டத்தில் டாக்டர் முடிவு எழுதுவார். டாக்டர் எழுதினால் எழுதியதுதான்.

மூன்று கட்டங்கள் நிரம்பிவிட்டன. நால்வரில் பிசியோவின் கட்டம்தான் பாக்கி.

"இந்தக் காலால மட்டும் பத்து தடவை கெந்துங்க அக்கா."

அக்கா இறங்கிக் கெந்தினார். ஆறு வரை சிரித்துக்கொண்டே கெந்தினார். ஏழில் உதட்டைக் கடித்தார். எட்டில் கட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"எட்டுதான் ஆச்சு."

"மீதி ரெண்டை நாளைக்குச் சேத்து ஓடிடறேன்."

"வலிக்குதுன்னு முகமே சொல்லுதே அக்கா."

"நீ கையெழுத்துப் போடறது கணுக்காலுக்கா, மூஞ்சிக்கா?"

"மூஞ்சி என் இலாகா," என்றார் நாற்காலியில் சாய்ந்திருந்த மனநல ஆலோசகர். "மனசு நல்லா இருக்குன்னு எழுதிட்டேன். கொஞ்சம் தேவைக்கு மேலயே நல்லா இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். பிசியோவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வேலையில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அக்கா ஓடினால்தான் ஜெயிக்க முடியும் என்பது அவனுக்கும் தெரியும். அக்காவைப் பகைத்துக்கொள்ளவும் பயம்.

அக்கா குரலை இறக்கினார். "'பார்த்தேன்'னு மட்டும் எழுதிட்டு விடு தம்பி. மீதியை நான் டாக்டர்கிட்ட பேசிக்கிறேன்."

"டாக்டர்கிட்டயா?" உணவு ஆலோசகர் புருவத்தைத் தூக்கினாள். "போன மாசம் பொண்ணுங்க டீம் கேப்டன் இதே மாதிரி காலை வெச்சுக்கிட்டு விடுங்கன்னு அழுதப்ப, டாக்டர் என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கா அக்கா?"

அக்கா மறுபடியும் எலும்புக்கூட்டைப் பார்த்தார்.

"'அழுகைக்கு மூணு நிமிஷம், ஓய்வுக்கு மூணு வாரம்.' வாட்சைப் பாத்துக்கிட்டே சொன்னாங்க."

"கல்நெஞ்சுக்காரி," என்றார் அக்கா மெதுவாக.

பிசியோ பேனாவை எடுத்தான், மூடினான், மறுபடி திறந்தான். பிறகு ஒரே மூச்சில் எழுதிக் கையெழுத்தும் போட்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் தாளை நீட்டினான்.

'வீக்கம் இருக்கிறது. ஐஸ் வைத்து மறைக்கப்பட்டிருக்கிறது. ஓடக் கூடாது.'

அக்கா அதை இரண்டு தடவை படித்தார்.

"வீக்கம்னு எழுதினா போதாதா? மறைச்சதையும் எழுதணுமா?"

"கண்டதைக் கண்டபடி..." அவன் குரல் பாதியில் நின்றுவிட்டது.

அக்கா தாளை எடுத்துக்கொண்டு, நொண்டியதைக் கூட இப்போது மறைக்காமல், டாக்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை.

"அஞ்சு நிமிஷம் ஆகும்," என்றாள் உணவு ஆலோசகர்.

"ரெண்டே நிமிஷம். அவங்களை நீ இன்னும் சரியாப் புரிஞ்சுக்கல," என்றார் மனநல ஆலோசகர்.

பிசியோ நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "சார், எனக்கு வேலை இருக்குமா?"

"என்னைக் கேட்டா? உள்ள போய்க் கேளு."

அவன் விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கதவைத் திறந்தான்.

ஓட்ட உடைக்கு மேலேயே வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா, ஐந்தாவது கட்டத்தில் 'தகுதியில்லை, மூன்று வாரம் ஓய்வு' என்று எழுதி, பத்து வருஷமாக அந்த விடுதி பார்த்து நடுங்கும் கையெழுத்தைப் போட்டு முத்திரையும் குத்தினார்.

"சமையல்காரரை ஷூ மாட்டச் சொல்லு தம்பி, கடைசிச் சுத்து அவர் ஓடட்டும், பிள்ளைங்க இந்த வருஷமும் நம்ம ஸ்டாஃப் டீமை ஜெயிச்சுட்டுப் போகட்டும்," என்று தாளை நீட்டிய டாக்டர், கோட்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "நானும் எவ்வளவோ கெஞ்சிப் பாத்தேன், இந்தப் பொம்பளை மசியவே மாட்டேங்கறா."