பாதிக் கோப்பை

ஹட்டன் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கும் சுலக்ஷனா போடும் தேநீரை, மாமியார் அழகம்மா தினமும் பாதியிலேயே வைத்துவிடுவார். சீனியைக் கூட்டிப் பார்த்தாள், பாலைக் குறைத்துப் பார்த்தாள். பாதி அப்படியே நின்றது.

“மாமிக்கு என்னையத்தான் பிடிக்கல. இதுதான் என்னோட கருதுகோள். நாளைக்கு நீங்க போட்டுக் குடுங்க, சோதிச்சுப் பார்த்துருவோம்,” என்றாள் கணவன் தனுஷனிடம்.

மறுநாள் மகன் போட்ட தேநீரை அழகம்மா ஒரு சொட்டு விடாமல் குடித்தார். கருதுகோள் நிரூபணமாகிவிட்டது. சுலக்ஷனாவின் முகம் வாடியது. மனம் கேட்காமல் மாமியாரிடமே காரணம் கேட்டாள்.

“அவன் போட்டத மூச்சடக்கி ஒரேயடியா முழுங்குனாத்தான் உண்டு, புள்ள. உன்னோடத பாதி வச்சு, நீ பள்ளிக்கூடம் போனதும் சூடாக்கி ஆசையா குடிப்பேன். இனிமே அவன அடுப்படிப் பக்கம் விட்டுறாத!”