விட்டுப் படித்த வரி

ஒரு குலுக்கல். லிஃப்ட் நின்றுவிட்டது.

மூன்றாவது மாடி இதோ, கைக்கெட்டும் தூரம். கம்பிக் கதவுக்கு வெளியே அந்த மாடியின் தரை அவன் கழுத்துக்கு நேராக நிற்கிறது. ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனும் செத்துப்போயிற்று.

வெண்ணெய் திரண்டு வருகிற நேரம் பார்த்துத்தானே தாழி உடையும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் மகளைப் பார்க்கலாம். கோர்ட்டு கொடுத்தது அவ்வளவுதான். புதன்கிழமை அவள் அம்மா போன் செய்து அதற்கும் வேட்டு வைத்தாள்.

"எழிலிக்கு இனிமே இதெல்லாம் வேணாமாம். இந்த ஞாயித்துக்கெழம வாங்க. அவளே உங்ககிட்ட சொல்லுவா."

பதினொரு வயசுப் பெண் சொல்லப்போகிறாள். அதைக் கேட்டுக்கொள்ளத்தான் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறான்.

"வாட்ச்மேன் மெக்கானிக்குக்குப் போன் பண்ணிட்டாராம்." மேலேயிருந்து எழிலியின் குரல். "அம்மா என்னை இங்கயே நிக்கச் சொன்னா."

அவன் கண்ணுக்கு நேரே இரண்டு பாதங்கள். கட்டை விரலில் பாதி உரிந்த நெயில் பாலிஷ். முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கம்பியில் கன்னத்தை வைத்து அண்ணாந்து பார்க்க வேண்டும். பார்த்தாலும் முட்டிதான் தெரிந்தது.

"அப்பா."

"என்னடா?"

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."



"இரு, இரு. கொஞ்சம் படிச்சுக் காட்டறேன். அப்புறம் சொல்லு."

பைக்குள் கையைவிட்டுப் புத்தகத்தை எடுத்தான்.

இவள் வயசில் சோறு தண்ணி மறந்து அவன் படித்த தொடர். ஆறு பாகம். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கினால் நாலு பிள்ளைகளுக்கு அங்கே வேறொரு நாடு. பறக்கும் பன்றி. பேசுகிற பாறை. தூக்கத்தைத் தொலைத்துவிட்ட ஒரு ராஜா.

முதல் பாகத்தைப் போன மாதம் அவளிடம் கொடுத்தான். போன வாரம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நல்லாயிருந்தது, நல்லாயில்லை, ஒரு வார்த்தை கிடையாது. பிரித்தே பார்த்திருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டான். இந்தக் காலத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு கதையா?

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவனே அதைப் பிரித்தான். முப்பது வருஷத்துக்கு அப்புறம். எட்டாம் பக்கத்தில் ஒரு வரி.

'அப்பா வெளியூரில் இருந்தார்; அவரை விட்டுவிடுவோம்.'

அவ்வளவுதான். எழுதின மகராசனுக்கு அப்பா வேலை அதோடு முடிந்தது.

சின்ன வயசில் அந்த வரி அவன் கண்ணில் பட்டதேயில்லை. பட்டிருந்தாலும், நல்லதாய்ப்போச்சு, அதட்ட ஆளில்லை, தொட்டிக்குள் இறங்கலாம் என்றுதான் நினைத்திருப்பான். அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஆறு பாகத்தையும் எடுத்துப்போட்டுத் தேடினான். பன்றிக்குக் கல்யாணமே நடக்கிறது. அப்பா வரவேயில்லை.

லிஃப்டுக்குள் புழுங்கியது. சட்டை முதுகோடு ஒட்டியது. படிக்கட்டுப் பக்கமிருந்து வந்த வெளிச்சத்தில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான்.

அவன் படித்துக்கொண்டிருக்கும்வரை அவளால் அதைச் சொல்ல முடியாது. அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

பிள்ளைகள் மாடிப்படி ஏறினார்கள். தொட்டி மூடியைத் தள்ளினார்கள். உள்ளேயிருந்து பன்றி கூப்பிட்டது. பன்றிக்கு ஒரு தனிக் குரலே கொடுத்தான். நாற்பதைத் தாண்டிய ஆள், கம்பிக் கதவுக்குள் நின்றுகொண்டு, பன்றி மாதிரி. யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

பாதங்கள் நகர்ந்தன. எழிலி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

அவன் பக்கத்தைத் திருப்பினான். எட்டு.

மூச்சை இழுத்துக்கொண்டு அடுத்த வரிக்குத் தாவினான்.

"ஒரு வரிய விட்டுட்ட."

அவன் நிறுத்தினான்.

"அப்பா வெளியூர்ல இருந்தார்னு வருமே. அது."

"நீ இதப் படிச்சியா?"

"ரெண்டு தடவ." "ரெண்டாவது தடவ நானும் அத விட்டுட்டுத்தான் படிச்சேன்."

மேலே மோட்டார் ரூமில் யாரோ இரும்பைத் தட்டினார்கள். மெக்கானிக் வந்துவிட்டான் போலிருக்கிறது. இன்னும் கொஞ்சம் மெதுவாக வந்திருக்கலாம் அந்த ஆள்.

எதையாவது சொல்ல வேண்டும். புத்தகத்தை மூடினான். திரும்பவும் திறந்தான். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

"என்னமோ சொல்லணும்னியே," என்றான்.

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டான்.

அவள் பதில் சொல்வதற்குள் லிஃப்ட் உதறிக்கொண்டு அசைந்தது. மேலே போகும் என்று கம்பியைப் பிடித்தான். அது கீழே இறங்கியது. அவள் முட்டி மேலே போயிற்று. தரை மேலே போயிற்று. அப்புறம் வெறும் சுவர், காரை பெயர்ந்த சுவர்.

"எழிலி," என்று கூப்பிட்டான்.

இரண்டாவது மாடி மெல்ல வந்து, மெல்லக் கடந்தது.

பிறகு, வெகு மேலேயிருந்து அவள் குரல் வந்தது.

"மிச்சம் அஞ்சையும் மொத்தமா கொண்டு வந்துடாதப்பா. வாரத்துக்கு ஒண்ணா கொண்டு வா."