பூச்சாடி

"உள்ளுக்கு உண்மையாவே ஆள் இருக்குதோ?"

இராசலிங்கம் இதைக் கேட்பது மூன்றாவது தடவை.

"ஓம் அண்ணை. இந்த ஊரைக் கட்டின அரசனைத் தாட்டிருக்கு."

செல்வரட்ணம் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகருக்கு வந்து, இந்த 1986-ஓடு இரண்டு வருடம் ஆகிறது. ஜெர்மன் வகுப்பில் கேட்டதையெல்லாம் புதிதாக வருகிறவர்களிடம் அவிழ்த்துவிடாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

முன்பு இந்த இடத்தில் ஒரு தேவாலயம் இருந்ததாம். சந்தை வெளியைப் பெரிதாக்க அதை இடித்துவிட்டார்களாம். கல்லறையில் மட்டும் கை வைக்கவில்லை. வைன்பிரென்னர் என்ற கட்டடக்கலைஞர் அதன்மேல் இந்தச் சிவப்புக் கல் பிரமிட்டை எழுப்பினாராம்.

"கோயிலை இடிச்சவங்கள், செத்தவரை விட்டிட்டாங்கள்" என்று சிரித்தான்.

இராசலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது நாள் பிந்தி வந்த கடிதம் சட்டைப்பையில் இருந்தது. அகதி விண்ணப்பம் முடியும்வரை அவர் இந்த ஊர் எல்லையைக்கூடத் தாண்டக் கூடாது. கடிதத்தைப் பற்றி அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வாய் திறந்தால் அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

சந்தையில் பூ விற்கிறவளிடம் ஒரு மண் பூச்சாடி வாங்கினார். செடி வேண்டாம் என்று கையால் காட்டினார்.

அடியிலிருந்த ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு, நீரூற்றில் தண்ணீர் பிடித்தார். சாடியை இடது தோளில் ஏற்றினார்.

"அண்ணை, ஒழுகுது!"

அவர் விரலை எடுத்தார். முதுகெல்லாம் நனைய, பிரமிட்டைச் சுற்றத் தொடங்கினார்.

செல்வரட்ணம் தலையில் அடித்துக்கொண்டான். கூராக எதைக் கண்டாலும் கோபுரமென்று கும்பிட வேண்டியது!

"சுத்துறதெண்டா வலமாச் சுத்துங்கோ. இதென்ன, இடமாச் சுத்துறியள்?"

ஒரு சுற்று. இரண்டு. சந்தைக்கு வந்த பெண்கள் விலகி நின்று பார்த்தார்கள்.

மூன்றாவது சுற்று முடிந்ததும் சாடி அவருடைய தோளிலிருந்து பின்னால் விழுந்து சிதறியது. இராசலிங்கம் நடந்துகொண்டே இருந்தார். சொந்த ஊரென்றால் அவரோடு நடக்க ஆட்கள் இருந்திருப்பார்கள்.

"அண்ணை, சாடி உடைஞ்சு போச்சு! திரும்பிப் பாருங்கோ!"

எப்படிப் பார்ப்பார்? அம்மாவுக்குக் கொள்ளிக்குடம் உடைத்த மகன் திரும்பிப் பார்க்கக் கூடாது.