ஆயுள் கேரண்டி

"இது எத்தினி வருசம் தாங்கும், டாக்டரம்மா?"

சுப்பராயன் நெஞ்சைத் தடவியபடி மூன்றாம் முறையாகக் கேட்டார். இதயத்தில் மெக்கானிக்கல் வால்வு பொருத்தி ஆறு மாதம் ஆகியிருந்தது.

டாக்டர் ரேச்சலுக்குப் பாவமாக இருந்தது. "பயப்படாதீங்க. மாத்திரையை ஒழுங்காப் போட்டா, உங்க ஆயுசுக்கும் தேயாது. ஆபரேஷன் அன்னிக்கு உங்க மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. பதில் சொன்னதும் கையெழுத்துப் போட்டுட்டாங்க."

"அவளும் இதைத்தான் கேட்டிருப்பா, பாவம்."

சுப்பராயன் கதவைத் திறந்து பார்த்தார். மருந்துக் கடைக்குப் போன மனைவி தாயம்மா இன்னும் திரும்பவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"சீக்கிரம் தேயற மாதிரி இன்னாவது பண்ண முடியுமா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்த டிக் டிக் சத்தம் ஒரே பேஜாரா கீதும்மா. உண்மை பேசுனா நடக்குது, பொய் பேசுனா ஓடுது. ஓவர்டைம்னு சொல்லிக்கினு வூட்டுக்குள்ள நொழையறேன், 'சீட்டாட்டம் இக்னேஷியஸ் வூட்லயா?'ன்றா."

துறைமுகக் கான்ட்ராக்ட் தொழிலாளர் சங்கத்துக்கு அவர் இருபது வருடச் செயலாளர். அடுத்த வாரம் தேர்தல்.

"கூட்டத்துல 'அத்தினி பேரையும் பர்மனென்ட் ஆக்காம ஓயமாட்டேன்'றேன். மைக்குல டிக்டிக்டிக்குனு பிச்சிக்கினு போவுது. முன்னாடி குந்தினு கீறவன்லாம் சிரிக்கிறான். சத்தமே வராத வால்வு ஒண்ணு கீதாமே, அத்த மாத்தி வுடுங்க. தேர்தலுக்காவ கேக்கலம்மா."

டிக்டிக்டிக்டிக். டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அது நிதானமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"அது மாட்டுத் திசுவுல செய்யறது. பத்துப் பதினஞ்சு வருஷம்தான் வரும். அதுக்காக மறுபடி நெஞ்சைப் பிளக்க முடியாதுங்க. நீங்க நினைவில்லாம இருந்தீங்க. ரெண்டைப் பத்தியும் விளக்கிச் சொல்லி, உங்க மனைவிகிட்டதான் கேட்டோம். அவங்கதான் இதைப் போடச் சொன்னாங்க."

மாத்திரைக் கவரோடு தாயம்மா உள்ளே வந்தாள். துறைமுகத்தில் பெருக்குகிற வேலை, இருபது வருடமாகக் கான்ட்ராக்ட். அதே சங்கத்தின் உறுப்பினர்.

சுப்பராயனுக்குக் கண் கலங்கியது. "எது ரொம்ப நாள் தாங்கும்னுதானே அன்னிக்குக் கேட்ட, தாயம்மா?"

"இல்லய்யா. எது சத்தம் போடும்னு கேட்டேன்."