இன்றும் மீன் வரவில்லை

கப்பல் ஊதுகிற சத்தம் கேட்டால் கச்சால் தீவின் ரப்பர் தோட்டமே ஜெட்டிக்கு ஓடும். பால் வெட்டிய கையைக்கூடக் கழுவாமல் சுசீலாவின் அம்மா ஓடுவாள். கப்பலில் தபால் பை வரும். வந்த கடிதத்தைப் பிரித்துப் படிக்கச் சொல்லி அன்று யாரும் யாரையும் கெஞ்சியதில்லை.

இப்போது சுசீலா கணக்கெழுதுகிற அந்தமான் ஹேவ்லாக் தீவு ரிசார்ட்டில் நாள் முழுக்க அந்தக் கெஞ்சல்தான்.

'சொர்க்கம் அழைக்கிறது', 'கடைசி ஐந்து அறைகள், விரைவீர்' என்று பழைய விருந்தாளிகளுக்கெல்லாம் மெயில் அனுப்பிக்கொண்டே இருந்தார் சிவபிரகாஷ். கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து வந்த மார்க்கெட்டிங் மேனேஜர். நூறு பேரில் நாலு பேர் திறப்பார்கள். அதில் ஒருவர், இனிமேல் அனுப்பாதே என்று சொல்வதற்காகத் திறந்திருப்பார்.

போன மாதம் விலையைப் பாதியாகப் போட்டு ஒரு மெயில் அனுப்பிவிட்டார். "இன்னொரு தப்பு பண்ணினே, அடுத்த கப்பல்ல ஊருக்கு" என்று முதலாளி முருகானந்தம் சொல்லிவிட்டார்.

சிவபிரகாஷுக்கு உதவியாள் ரூபா, சௌல்தாரி கிராமத்துப் பெண். தற்காலிக வேலை. டிசம்பரில் நிரந்தரமாகும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். தினமும் காலையில் ஊழியர்களுக்கு அவள் ஒரு குறிப்பு எழுதுவாள். சிவபிரகாஷ் ஒரு பார்வை பார்த்ததும் அது மெயிலில் சமையலறைக்குப் போகும்.

அன்றைக்கு அது பழைய விருந்தாளிகள் அத்தனை பேருக்கும் போய்விட்டது.

'இன்றும் மீன் வரவில்லை. காற்று அடங்காததால் எந்தப் படகும் கடலில் இறங்கவில்லை. சமையல்கார தாஸ் தாதா கோபத்தில் எல்லாவற்றிலும் பூசணிக்காய் போடுகிறார். யாரும் எதிர்த்துப் பேச வேண்டாம். மூன்றாம் அறை ஒழுகுகிறது. வாளியைத் தேனிலவுத் தம்பதி கண்ணில் படாமல் வைக்கவும்.'

போர்ட் பிளேரிலிருந்து முதலாளியின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"ஒழுகுற கூரையை ஊருக்கே தம்பட்டம் அடிச்சிருக்கீங்க. யார் அனுப்பினது?"

சிவபிரகாஷ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் சார்" என்றாள் ரூபா.

"டிசம்பர்ல உன்னை நிரந்தரம் பண்ணலாம்னு இருந்தேன். இனி யோசிக்கணும்."

போன் வைக்கப்பட்டது. சுசீலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

"ஏன் பாப்பா, யாருக்குப் போகுதுன்னு பார்க்க மாட்டியா? கண்ணு எங்க இருந்திச்சு?"

"விடுங்கக்கா. முதல் தப்புதானே. திட்டோட போயிடும்."

"திட்டோடயா? வேலை நிரந்தரமாகாட்டி உங்க அப்பாகிட்ட என்ன சொல்லுவே?"

ரூபா நகத்தைக் கடித்தாள். சிவபிரகாஷ் வெளியே போய் வந்தார், உடனே மறுபடி போனார்.

மத்தியானம் பதில்கள் வரத் தொடங்கின.

'மீன் வந்துவிட்டதா?' என்று கோயம்புத்தூரிலிருந்து ஒருவர். 'வாளியைப் பார்த்துவிட்டார்களா?' என்று மதுரையிலிருந்து ஓர் அம்மாள். 'பூசணிக்காய்க்கு நாங்கள் தயார். ஜனவரியில் அறை இருக்கிறதா?' என்று திருச்சியிலிருந்து ஒரு குடும்பம். இத்தனை நாள் எந்த மெயிலையும் திறக்காதவர்களெல்லாம் திறந்திருந்தார்கள். பொங்கல் வரை அறைகள் நிரம்பின.

சாயங்காலம் மறுபடி முதலாளி. இந்தத் தடவை ஸ்பீக்கரில் வந்த குரலில் சர்க்கரை.

"அரே, இப்படித்தான்யா எழுதணும். அந்த ரூபாவைக் கூப்பிடு."

ரூபா எழுந்திருப்பதற்குள் சிவபிரகாஷ் போன் பக்கத்தில் போய் நின்றார்.

"சார், அதை அனுப்பினது நான். ரூபா இல்லை."

"நீயா? பேஷ். உன்னை என்னமோன்னு நினைச்சேன்யா."

சுசீலாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. காலையில் வாய் திறக்காத மனுஷன், சின்னப் பெண்ணின் பெயரை இப்படி எல்லார் முன்னாலும் திருடுவானா? நேராகப் போனைப் பிடுங்கப் போனாள்.

ரூபா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, போனில் கேட்காதபடி கிசுகிசுத்தாள்.

"வேணாங்கக்கா. அவர் சொல்றது நிஜம்."

"என்ன நிஜம்?"

"எழுதினது நான். அனுப்பினது அவர்தான். பட்டனைத் தட்டிட்டு வேர்த்துப்போய் நின்னார். இப்பத்தான் மெயின்லேண்டிலேர்ந்து குடும்பத்தைக் கூட்டிட்டு வந்து, பிள்ளையை ஸ்கூல்ல சேர்த்திருக்கார். இன்னொரு தப்புன்னா அனுப்பிடுவாங்களே, அதான்."

சுசீலா போனுக்கு நீட்டிய கையை இறக்கினாள்.

ஸ்பீக்கரில் முதலாளியின் குரல் மாறியது. "ஒரு நிமிஷம். அப்ப அந்தப் பொண்ணு காலையில எங்கிட்ட ஏன் பொய் சொல்லுச்சு?"

சிவபிரகாஷ் திரும்பி ரூபாவைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"சொல்லுய்யா."

"தெரியலை சார்."

போன் வைக்கப்பட்டது. சுசீலா முதலாளிக்குத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். டவர் இல்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் மேஜைக்கும் நடந்தாள். மறுநாள்தான் லைன் கிடைத்தது. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"காரணம் ஆயிரம் இருக்கட்டும்மா" என்றார் முருகானந்தம். "நிஜத்தை எழுதினாத்தான் ஜனங்க படிக்கிறாங்க, பார்த்தேயில்ல? இனிமே நம்ம கம்பெனிக்கு நேர்மைதான் முதல். எல்லாருக்கும் சொல்லிடு."

டிசம்பரில் சிவபிரகாஷ் பதவி உயர்வு பெற்று போர்ட் பிளேர் தலைமை அலுவலகத்துக்குப் போனார். முதலாளியிடம் பொய் சொன்னாள் என்று ரூபாவை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.