புகார் நோட்டு

“எல்லாம் இதுல இருக்கு டாக்டர், தேதியோட, நேரத்தோட” என்று சூப்பர்வைசர் நோட்டை மேஜைமேல் தள்ளினார். மனைவிக்குத் தெரியாமல் மூன்று மாதமாக எழுதிய நோட்டு. பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி அதை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிற கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். வாடிக்கையாளர் குறை சொன்னால் தேதி, நேரம், குறை, நடவடிக்கை என்று நாலு கட்டம் போட்டு எழுதுவது இருபது வருஷப் பழக்கம். மனுஷர் பெண்டாட்டிக்கும் அதே நாலு கட்டத்தைப் போட்டுவிட்டார்!

சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை. “இன்னும் ஒரு மாசம் வீடு இப்படியே இருந்தா, பாப்பாவைக் கூட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடறேன்” என்று போன மாதம் சொல்லியிருந்தாள் மனைவி. கத்திச் சொல்லியிருந்தால்கூட விட்டிருப்பார். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அவர் டாக்டரிடம் நேரம் வாங்கினார்.

டாக்டரம்மா வாய்விட்டுப் படித்தார். “இருபத்தாறு, காலை ஏழே முக்கால்: சட்டைக்கு ஏன் இஸ்திரி போடலைன்னு ஒரு வார்த்தைதான் கேட்டேன். அழுகை. இருபத்தெட்டு, ராத்திரி: தட்டைக் கொஞ்சம் தள்ளி வெச்சேன். பேச்சுவார்த்தை இல்லை. முப்பது: அம்மாவும் பொண்ணும் கதவைச் சாத்திக்கிட்டாங்க.”

நிமிர்ந்தார். “மாசா மாசம் இதே தேதிதானா?”

“ஒரு நாள் தப்பாது டாக்டர். இருபத்தஞ்சு பொறந்தா ஆரம்பிக்கும், ஒண்ணாம் தேதி ஓய்ஞ்சிடும். மாதவிலக்குக்கு முன்னாடி சில பேருக்கு எரிச்சல், அழுகை எல்லாம் வரும்னு படிச்சேன். அதான் இவளுக்கும்...”

சட்டைப் பையில் போன் அலறியது. பாதி எழுந்து நின்றபடி பேசினார். “இந்த மாசக் கணக்குல இன்னும் பதினோரு மெஷின்தானே சார் விக்கணும்? முப்பதுக்குள்ள தலைகீழா நின்னாவது முடிச்சிடறேன் சார்.” உட்கார்ந்து முகத்தைத் துடைத்தார். அவர் முழங்கால் ஆடிய ஆட்டத்தில் மேஜையே அதிர்ந்தது. டாக்டரம்மா பேனா ஸ்டாண்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

“வைத்தியம் ஏதாவது பண்ணினீங்களா?”

அதைத்தானே கேட்க வேண்டும்! “மாத்திரை இல்லாம, சாப்பாட்டுலயே சரி பண்ணலாம்னு ரெண்டு மாசமா நானே பாக்கறேன். காபித்தூள் டப்பாவைப் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். உப்பு பாதி. பாக்கெட் தீனி கிடையாது. கீரை, பருப்பு, பழம். சாயங்காலம் அரைமணி நடை. பத்து மணிக்கு விளக்கை அணைச்சுடணும்.”

“நல்ல காரியம். நீங்களும் கூட நடக்கறீங்களா?”

“எனக்கெங்க டாக்டர் நேரம்? நான் வீட்டுக்கு வரவே பதினொண்ணாகுது.”

“காபி?”

“ஆபீஸ்ல மெஷின் இருக்கு, ஏழெட்டு ஓடும். என்னை விடுங்க, இவளைப் பாருங்க.”

டாக்டரம்மா இவளைப் பார்த்தார். “நீங்க தேதி ஏதாவது குறிச்சு வெச்சிருக்கீங்களாம்மா?”

மனைவி கைப்பையிலிருந்து உள்ளங்கை அளவு காலண்டர் அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

“இப்ப உடம்பு எப்படி இருக்கு?”

“தேவலை டாக்டர். முன்னாடியெல்லாம் மார்வலி, வயிறு உப்புசம், தூக்கமே வராது. தேதிக்கு முன்னாடி மூணு நாலு நாள் பாடாப் படுத்தும். இவர் சொன்னபடி சாப்பிட்டு, நடந்து, பாதிக்கு மேல குறைஞ்சிடுச்சு.”

சூப்பர்வைசருக்குப் பெருமையும் வந்தது, சந்தேகமும் வந்தது. “குறைஞ்சிடுச்சா? அப்புறம் ஏன் போன இருபத்தெட்டுல...”

டாக்டரம்மா சீட்டு எழுதினார். கிழித்த கையோடு அதைப் பிடுங்காத குறையாக வாங்கிப் படித்தார் சூப்பர்வைசர். காபி ஒரு நாளைக்கு ரெண்டுதான். உப்பு குறைவு. தினமும் அரைமணி நடை. பத்து மணிக்குத் தூக்கம்.

“இதெல்லாம்தான் இவ ரெண்டு மாசமாச் செய்யறாளே டாக்டர்!”

“செஞ்சாங்க, குணமும் தெரியுது. அவங்களுக்கு மாதவிலக்கு வந்த தேதி இந்த அட்டையில இருக்கு: பதினாலு, பதினொண்ணு, ஒன்பது. உங்க நோட்டுல இருக்கிறது எல்லாமே மாசக் கடைசி.”

ஆடிக்கொண்டிருந்த முழங்கால் நின்றது. இருபத்தஞ்சிலிருந்து ஒண்ணு வரை நோட்டை ஒருமுறை புரட்டினார். அடுத்த கேள்வி அவர் வாயிலிருந்து மெதுவாகத்தான் வந்தது.

“அப்போ... இந்தச் சீட்டு யாருக்கு?”

மனைவி ஜன்னலை விட்டுத் திரும்பி, அவர் முன்னால் கையை நீட்டினாள்.

“உங்களுக்குத்தான். ஒரு மாசம் பாக்கறேன், பீரோ சாவியைக் குடுங்க.”