யாரிடம் கடிகாரம்?

கடிகாரம் நெசவுக் கூடத்துக்குள்தான் எங்கேயோ ஒளிந்திருக்கிறது. மேற்பார்வையாளர் கிராஸ்பிக்கு அதில் துளிக்கூடச் சந்தேகமில்லை.

மெரிமாக் ஆற்றங்கரை முழுவதற்கும் ஒரு நேரம், அந்த ஆலைக்கு மட்டும் தனி நேரம். சாயங்காலமானால் ஆலைக் கடிகாரம் அரை மணி பின்தங்கிவிடும். அந்த அரை மணி உழைப்பு முதலாளிக்கு இனாம். தறி ஓட்டும் பெண்கள் கடிகாரம் கொண்டுவரக் கூடாது என்ற சட்டமும் அதற்காகத்தான்.

ஆனால் நான்கு நாளாக, நிஜமான ஏழு மணிக்கு அறுபது தறிகளும் ஒன்றாக நின்றுவிடுகின்றன. இன்றைக்குள் கடிகாரத்தைப் பிடிக்காவிட்டால் உன் சீட்டு கிழிந்துவிடும் என்று மேனேஜர் கிராஸ்பியிடம் சொல்லிவிட்டார். பிடிபடுகிறவளுக்கோ இனி எந்த ஆலையிலும் வேலை கிடைக்காது.

வெளியே எதுவும் தெரியாதபடி கிராஸ்பி ஜன்னல் கண்ணாடிகளுக்கெல்லாம் சுண்ணாம்பு பூசினான். தேவாலய மணி தறிச் சத்தத்தில் காதில் விழ வழியே இல்லை. காலையில் வாசலிலேயே, பெண்கள் தங்கும் விடுதியை நடத்துகிறவளை நிறுத்திக் கூடை, கொண்டை எல்லாம் சோதிக்கச் சொன்னான். நாலு கொண்டை ஊசிதான் சிக்கின.

இவர்களோடு மல்லுக்கட்டியே அவனுக்கு வயிறு வெந்துபோயிருந்தது. போன வாரம்தான் டாக்டர் கசப்பு மருந்து கொடுத்து, சொன்ன மணி தவறக் கூடாது என்று கண்டித்திருந்தார். அந்தக் கண்டிப்பைக் கூடம் முழுக்கச் சொல்லிப் புலம்பியும் ஆயிற்று. சாயங்காலம், கோட்டுப் பையிலிருந்த தன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கரண்டி மருந்தை விழுங்கி முகத்தைச் சுளித்தான்.

படபடவென்று கைப்பிடிகள் விழுந்தன. அறுபது தறிகளும் நின்றன.

"யார்கிட்ட இருக்கு? சொல்லிட்டா மத்தவங்கள விட்டுடறேன்."

அவன் மேசைக்கு எதிர்த் தறியில் நின்ற தபிதா கோல்பி நிதானமாகத் தொப்பியை மாட்டிக்கொண்டாள். "மணி ஏழாச்சு. நாங்க கிளம்பறோம்."

"ஆலைக் கடிகாரம் ஆறரைதானே காட்டுது?"

"உங்க கடிகாரம் என்ன காட்டுது, மிஸ்டர் கிராஸ்பி?"

அவன் கோட்டுப் பையைக் கையால் பொத்திக்கொண்டான். "கடைசியாக் கேக்கறேன். கடிகாரம் எங்கே?"

தபிதா மேசையருகே வந்தாள். ஈரம் காயாத கரண்டியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்க மருந்து குடிச்சா, எங்களுக்கு மணி ஏழு."